ஷண்டிங் எஞ்சினுக்கு வைத்த பொட்டு

குறை கண்டுபிடிப்பதற்கென்றே கடவுள் சில பேரைப் படைத்து அனுப்புகிறான் போலிருக்கிறது. முகுந்தன் அந்த வகை. மலேசியாவில் கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாகத் தரப் பரிசோதகர். நாள் முழுக்க அளவுகோலும் கையுமாக நின்று, மூடியின் விளிம்பு அரை மில்லிமீட்டர் கூடினாலும் சிவப்புக் கூடையில் வீசுவதுதான் வேலை. அப்படிப்பட்டவருக்கு வீட்டுக்கு வந்தாவது கண் ஓய்ந்திருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. கிள்ளானில் தம்முடைய அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அங்கே உட்கார்ந்து மாடல் ரயில்களில் குறை தேடுவார்.

மாடல் ரயில் செய்யும் கம்பெனிகளில் முகுந்தனின் மின்னஞ்சல் போகாத கம்பெனி அநேகமாக இல்லை. ஜன்னல் கம்பி ஒன்று குறைகிறது. கூரை விசிறி இடம் மாறியிருக்கிறது. இந்த நம்பர் எஞ்சினுக்கு இந்த நிறம் எந்தக் காலத்திலும் பூசியதில்லை. படம் வேறு இணைத்து அனுப்புவார், சிவப்பு அம்புக்குறி போட்டு. சில கம்பெனிகள் நன்றி சொல்லிப் பதில் போடும். சில வாயே திறக்காது. ஒரு கம்பெனி மட்டும் ‘தங்கள் கருத்தை மதிக்கிறோம்’ என்று ஒரே கடிதத்தை மூன்று தடவை அனுப்பியது. அதில் இரண்டாவது கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்ததாம். அதையும் எழுதிக் கேட்டார் மனுஷன்.

எல்லாவற்றிலும் பெரிய வயிற்றெரிச்சல் பாதையின் அகலம். நம் ஊர் ரயில் ஓடுவது ஒரு மீட்டர் அகலப் பாதையில். எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைக்கும் பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் மலேசிய வண்ணம் பூசி அவர் கைக்கு வந்த மாடல்களெல்லாம் பதினாறரை மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கே செய்தவை. அதுதான் உலகம் முழுக்க விற்கிற அளவு, கம்பெனிக்குக் கட்டுப்படியாகும்.

“நம்ம வண்டிக்கு வெள்ளைக்காரன் கால்சட்டைய மாட்டிவிட்ட மாதிரி தொளதொளன்னு நிக்குது லா. யாருக்குமே கண்ணு தெரியாதா?” என்று கண்காட்சிக்குக் கண்காட்சி புலம்புவார். மாடல் ரயில் சங்கத்தின் மற்ற அங்கத்தினர்கள் சிரித்துக்கொண்டே தங்கள் தொளதொள வண்டிகளை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பன்னிரண்டு மில்லிமீட்டர் கட்சியில் மொத்தமே ஐந்து பேர்.

வாய் வலித்தது போதும் என்று ஒரு நாள் அவரே செய்ய உட்கார்ந்தார். ரயில் யார்டில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக் கோத்துவிடும் சின்ன டீசல் எஞ்சின் இருக்கிறதே, ஷண்டிங் எஞ்சின், அது. தூரப் பயணம் போகாது, போட்டோவில் வராது. எந்தக் கம்பெனியும் சீண்டாது. சுவிஸ் கம்பெனி ஒன்றின் அடிச்சட்டத்தையும் சக்கரத்தையும் வாங்கி, மேலே பிளாஸ்டிக் தகட்டைக் கீறி ஒட்டி, பித்தளைக் கம்பியை வளைத்துக் கைப்பிடி வைத்து, முகப்பில் மஞ்சள் பூசினார். இரண்டு தடவை பாதியில் உடைத்துப் போட்டு மறுபடி ஆரம்பித்தார். ஆறு வருஷம் ஓடிப்போயிற்று. ஆள்காட்டி விரல் நீளம்தான் எஞ்சின். முகுந்தனுக்கே அதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆறு வருஷமும் சரி, அதற்கு முந்தைய பதினாறு வருஷமும் சரி, அவர் மனைவி குமுதா அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. கல்யாணமான முதல் மாதம் ஒரே ஒரு தடவை தூசு தட்டுகிறேன் பேர்வழி என்று போய் ஒரு சிக்னல் கம்பத்தை ஒடித்துவிட்டாள். “இனிமே இந்த ரூம்ல எதையும் தொடாத” என்றார் புது மாப்பிள்ளை. அவ்வளவுதான். வாசற்படிவரை கூட்டிக்கொண்டு வந்து அங்கேயே துடைப்பத்தைத் திருப்பிவிடுவாள். குமுதாவுக்கு அதில் பெரிய மனத்தாங்கல் என்றும் சொல்ல முடியாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தாள். கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருவாள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கடைத் தையல் மெஷினிலிருந்து வீட்டுக் கார், இரும்புப் பெட்டி, கத்தரிக்கோல், அரிவாள்மனை வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். கற்பூரத் தட்டோடு மூன்றாவது அறையைக் கடக்கும்போது மட்டும் நிற்காமல் போய்விடுவாள். சோறு போடுகிற சாமானுக்குத்தானே பொட்டு.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ராசிக்கிடமிருந்து போன் வந்தது. ராசிக், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. துணி பிடிக்கவில்லை என்று செராஸில் ஒரு கடைமாடியில் மூன்று இயந்திரங்களைப் போட்டு, சிறிய அளவில் மாடல் ரயில் தயாரித்து விற்கிறவன். நாற்பது வயதிருக்கும்.

“அண்ணே, உங்க ஷண்டர் படம் பார்த்தேன். அசந்துபோயிட்டேன். இந்த வருஷம் ஒரே ஒரு புது எஞ்சின்தான் போடப்போறேன். உங்களோடது ஒண்ணு, ஈப்போக்காரர் ஒருத்தரோட ரயில்பஸ் ஒண்ணு. ரெண்டுல எதுன்னு பார்க்கணும். அடுத்த மாசம் பிஜே கண்காட்சி இருக்குல்ல? பன்னெண்டாந்தேதி சனிக்கிழமை வரேன். ஓட்டிக் காட்டுங்க.”

“பன்னெண்டு மில்லிமீட்டர்லயே போடுவீங்களா?” முகுந்தனுக்கு முதலில் கேட்கத் தோன்றியது அதுதான்.

“போடுறேன் அண்ணே. பெட்டி மேல ‘வடிவமைப்பு: முகுந்தன், கிள்ளான்’னு பேரும் போடுறேன். ஆனா ஓடணும். ஓடாத எஞ்சின என்னால விக்க முடியாது லா.”

போனை வைத்தபோது முகுந்தனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் தள்ளிவிட்ட மூடிகள் கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு மூடியிலாவது அவர் பெயர் உண்டா? பிறர் செய்ததில் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டியே வயது ஐம்பத்துநாலு ஆகிவிட்டது. இப்போது அவர் செய்த ஒன்று, அவர் பெயரோடு, யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் போய் நிற்கப் போகிறது. நேராக அடுப்படிக்குப் போனார்.

“குமுதா, கேட்டுக்க. இனிமே அது விளையாட்டு இல்ல. தொழில்.”

“அடேயப்பா” என்றாள் குமுதா. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். அவர் முகம் அப்படிப் பூத்து அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

“பிஜேவுக்கு நீயும் வரணும். ஒரு தடவையாவது ஓடுறதப் பாரு.”

“சனிக்கிழமை கடையில தீபாவளி ரவிக்கை குவிஞ்சு கெடக்கும். பாக்குறேன்” என்றாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை கண்காட்சிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை வந்தது. முகுந்தன் வேலை முடிந்து வந்தபோது வீடெல்லாம் கற்பூர வாசம். சாமி மாடத்தின் முன்னால் சுண்டலும் பொரியும் இருந்தன. மூன்றாவது அறையின் கதவு விரியத் திறந்திருந்தது.

“வந்துட்டீங்களா? மொதல்ல சுண்டல் எடுத்துக்குங்க” என்று குமுதா அடுப்படியிலிருந்து சொன்னாள். “உங்க ரூமுக்குப் போனேங்க. எதையும் நகத்தல. எஞ்சினுக்கு மட்டும் பூஜை போட்டேன்.”

முகுந்தன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே போய்ப் பார்த்தார். எஞ்சினின் மஞ்சள் முகப்பில் சந்தன வட்டம், நடுவில் குங்குமம். ஊசி பிடிக்கிற கை அல்லவா, வட்டம் அத்தனை கச்சிதம். நாலு சக்கரத்திலும் கடுகளவு கடுகளவாகப் பொட்டு. கூரையில் ஒரே ஒரு மல்லிகை மொட்டு. தண்டவாளம் ஈரமாக மினுங்கியது.

“இது என்ன ஈரம்?”

“காருக்கு வைக்கிற மாதிரி சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கலாம்னு பார்த்தேன். எஞ்சின விட பழம் பெருசா இருக்கு! சரின்னு பாசார்ல லீமாவ் கஸ்தூரி வாங்கியாந்தேன், குட்டி எலுமிச்சைதானேன்னு. அதுவும் அடங்கல. அதான் சாற மட்டும் சக்கரத்துக்கு ரெண்டு ரெண்டு சொட்டு விட்டேன்” என்றாள் குமுதா. சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்கிற சிரிப்பு.

“ஒனக்கு அறிவு இருக்கா?” முகுந்தன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. “புளிப்புச் சாறு! உள்ள மோட்டார் இருக்கு, கரண்டு எடுக்குற தகடு இருக்கு. நாளைக்கு ஓட்டணும்! ஆறு வருஷம், குமுதா! யாரு உன்ன உள்ள வரச் சொன்னது?”

“நீங்கதானே தொழில்னு சொன்னீங்க? தொழில்னா பொட்டு வைக்காம விடுவாங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ரவிக்கை தைக்கிற புத்திக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது!”

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. அவர் அளவுகோல் அந்த நேரத்தில் எங்கே போய்த் தொலைந்ததோ. குமுதா கற்பூரத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முகுந்தன் பஞ்சுக் குச்சியும் ஸ்பிரிட்டும் வைத்துக்கொண்டு துடைத்தார். சந்தனம் வந்துவிட்டது. குங்குமம் பாதிதான் வந்தது. மீதி மஞ்சளில் ஊறி, ரோஜா நிறத்தில் ஒரு வட்டமாக நின்றுவிட்டது. அதற்கு மேல் தேய்த்தால் பெயின்டே உரியும். இரண்டடித் தண்டவாளத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார். ஓடியது. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. வேறொன்றையும் அவர் யோசிக்கவில்லை. காலையில் மேசையில் பிளாஸ்கில் தேத்தண்ணீர் இருந்தது. குமுதா கடைக்குப் போயிருந்தாள்.

பிஜே என்கிற பெட்டாலிங் ஜெயாவில், கண்காட்சி நடந்த மாலின் கீழ்த்தளம் முழுக்க ரயில்கள். கண்காட்சியில் ஒவ்வொருவரும் தம் வீட்டில் செய்த பலகையைக் கொண்டு வருவார்கள். பலகையோடு பலகை சேர்த்துப் பூட்டினால் தண்டவாளம் ஒன்றாகிவிடும். முகுந்தனின் ஐந்து பேர் கட்சி ஒரு நீள்வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் ஜப்பான் அதிவேக ரயில்கள் சுற்றின, பிள்ளைகள் அங்கேதான் அப்பிக்கொண்டு நின்றார்கள். எதிர் வரிசையில் ஈப்போக்காரரின் ரயில்பஸ் காலையிலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் படிக்கட்டு ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்ததை முகுந்தன் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். இன்றைக்கு அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ராசிக் வந்தான். குனிந்து, தண்டவாள மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய் எஞ்சினைப் பார்த்தான். “அண்ணே, கைப்பிடிக் கம்பிகூட விட்டம் சரியா இருக்கு. எப்படி அண்ணே?” என்றான். முகுந்தன் எஞ்சினைத் தண்டவாளத்தில் நேராக்கி வைத்தார். கன்ட்ரோலரைத் திருகினார். எஞ்சின் முதல் பலகையைக் கடந்தது. இரண்டாவது பலகையையும் கடந்தது. மூன்றாவதில் ஒரு திக்கு திக்கியது. பிறகு நின்றுவிட்டது.

விரலால் தள்ளினார். நாலு அங்குலம் ஓடி மறுபடி நின்றது. தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே போயிருந்த சாறு காய்ந்து பிசினாகி, சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் மெல்லிய தகடுகளில் அப்பியிருந்தது. வீட்டில் இரண்டடி ஓட்டியதில் அது தெரியவில்லை. இங்கே தண்டவாளத் தூசு முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டது. அங்கேயே பிரித்துச் சுத்தம் செய்யலாம் என்றால் அதற்கான சின்னத் திருப்புளி வீட்டில் கிடந்தது.

“முகப்புல என்ன அண்ணே சிவப்பா?” என்றான் ராசிக். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

“எல்லாம் என் பொண்டாட்டி பண்ண வேல!” என்று முகுந்தன் சத்தமாகச் சொன்னார். “ஆயுத பூஜைன்னு எஞ்சினுக்குப் பொட்டு வச்சு, சக்கரத்துல லீமாவ் புழிஞ்சு விட்டுட்டா!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “தேங்கா ஒடைக்கலியா அங்கிள்?” என்று யாரோ கேட்டார்கள். முகுந்தனும் சிரித்தார். அவமானத்தில் நிற்கிற மனிதனுக்கு, சிரிப்பை வேறு ஆள் பக்கம் திருப்பிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று தோன்றும். அவருக்கும் அப்படித்தான் தோன்றியது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது, கூட்டத்துக்குப் பின்னால் குமுதா நின்றுகொண்டிருந்தாள். தோளில் கைப்பை, கழுத்தில் கழற்ற மறந்த அளவு டேப். தீபாவளி ரவிக்கைகளை அப்படியே போட்டுவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அழவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். முகுந்தனுக்கு வெட்கம் உச்சந்தலையிலிருந்து இறங்கியது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது.

தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. மூடி கெட்டுப்போனால் இயந்திரம் ஓட்டிய பெண்ணின் பெயரை எழுதுவதற்கு முன்னால், அவளுக்கு வேலை விவரத்தாள் கொடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கொடுக்கப்படவில்லை என்றால் மேற்பார்வையாளர் பெயரைத்தான் எழுத வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக அதை ஒரு தடவைகூட அவர் மீறியதில்லை.

“ராசிக், நான் இப்ப சொன்னது தப்பு” என்றார். “இவங்க என் வீட்டுக்காரி. குமுதா. இருபத்திரண்டு வருஷமா இவளுக்கு நான் ஒரு சாமானக்கூட காட்டினதில்ல. இது என்ன, எப்படி ஓடும், ஒண்ணும் சொன்னதில்ல. திடீர்னு வந்து தொழில்னு சொன்னேன். தொழிலுக்கு என்ன மரியாதை செய்யணுமோ அத இவ செஞ்சா. தப்பு என்னோடது. எஞ்சின் கெட்டது என்னாலதான்.”

சிரித்த கூட்டம் மெல்லக் கலைந்தது. ராசிக் குமுதாவைப் பார்த்து, “வாங்க அக்கா” என்று தலையசைத்தான். பிறகு முகுந்தனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, பொட்டு ஒரு விஷயமே இல்ல. இந்த மாதிரிக் கைவேல நான் பார்த்ததில்ல. ஆனா திங்கக்கெழம அச்சு வேல ஆரம்பிக்கணும். ஓடுறதப் பார்க்காம நான் எடுக்க முடியாது. கோவிச்சுக்காதீங்க.”

“நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்” என்றார் முகுந்தன். நிஜத்தைத்தான் சொன்னார். அவரே பரிசோதகர், தள்ளப்பட்ட மூடியும் அவரே. ராசிக் நாலு எட்டு நடந்து எதிர் வரிசைக்குப் போய், ஈப்போக்காரரிடம் கை குலுக்கினான். அதை முகுந்தன் முழுக்கப் பார்த்தார். கண்ணை வேறு பக்கம் திருப்பவில்லை.

குமுதா மேசைக்கு இந்தப் பக்கம் வந்து அவர் அருகில் நின்றாள்.

“போச்சா?”

“போச்சு.”

“எல்லாம் அந்தச் சாறாலதான்.”

“என் வாயால குமுதா. நேத்து சொன்ன வார்த்தைக்கும் சரி, இப்ப சிரிச்சதுக்கும் சரி, என்ன மன்னிச்சிரு.” கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பவர் போல் சொன்னார்.

குமுதா கழுத்தில் கிடந்த டேப்பை உருவிச் சுருட்டினாள்.

“அப்ப இது தொழில் இல்லியா?”

“இல்ல. ஆகாது. வெறும் விளையாட்டுதான்.”

“தொழில்னா உங்களோடது. நான் தள்ளி நிக்கிறேன்” என்றாள். கைப்பையை மேசைக்கு அடியில் வைத்தாள். “விளையாட்டுன்னா நானும் வரலாம்ல?”

முகுந்தனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கட்சிக்காரர் ஒருவரிடம் ஒரு எஞ்சினை இரவல் வாங்கித் தண்டவாளத்தில் வைத்து, கன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்தார். அவள் தையல் மெஷின் பெடலை மிதிக்கிற பழக்கத்தில் ஒரே திருகாகத் திருகினாள். எஞ்சின் பறந்து போய் முதல் வளைவிலேயே தண்டவாளத்தை விட்டுக் குப்புற விழுந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். குமுதா பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

முகுந்தன் மேசையைச் சுற்றிப் போய், எஞ்சினை எடுத்து, சக்கரம் நாலையும் தண்டவாளத்தில் பொருத்தி வைத்தார்.

“ம், மறுபடி திருகு” என்றார்.